பத்தாயிரம் மணி நேரமும் ஓர் ஆர்மோனியப் பெட்டியும்

போன மாசம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். ஐ.டி. வேலை. கூடப் படித்த மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறான். சனி ஞாயிறு பப்களில் வாசிப்பார்கள்.

"மாமா, வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் வேன் எடுத்து ஊர் ஊரா வாசிக்கப் போறோம். பத்தாயிரம் மணி நேரம் வாசிச்சா யாரும் பீட்டில்ஸ் ஆயிரலாம்னு ஒரு புக்ல போட்டிருக்கு. அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

"யோசிச்சுச் சொல்லுகேன்"னு போனை வைத்துவிட்டேன். எனக்கு ஒரு பழக்கம். யோசிக்கணும்னா படிக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு மாசம் ராத்திரி ராத்திரியாகப் படித்ததன் விளைவு இந்தக் குறிப்பு. கேள்வி இதுதான்: பெயர் வாங்குவதற்கு முன்னால் ஒரு இசைக்குழு ஊர் ஊராக அலைகிறதே, அந்த அலைச்சல் அவர்களுக்கு என்னத்தைக் கற்றுக்கொடுக்கிறது?

முதலில் அந்தக் கணக்கு

மருமகன் சொன்ன புத்தகம் மால்கம் கிளாட்வெல் 2008-ல் எழுதிய 'அவுட்லையர்ஸ்'. எந்தத் துறையிலும் உச்சம் தொட ஏறக்குறைய பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது அதில் பிரபலமான வாதம். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று பீட்டில்ஸ்.

1960 ஆகஸ்ட் 17. லிவர்பூலைச் சேர்ந்த ஐந்து பையன்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் வந்து இறங்குகிறார்கள். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டுவர்ட் சட்கிளிஃப், டிரம்ஸுக்கு பீட் பெஸ்ட். ரிங்கோ ஸ்டார் அப்போது கிடையாது. மாலுமிகளும் குடிகாரர்களும் நிறைந்த தெருவில் 'இந்திரா' என்றொரு சின்ன கிளப். அதில் 48 இரவு வாசித்தார்கள். பிறகு அதே முதலாளியின் 'கைசர்கெல்லர்'. ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க் சம்பளம். படுக்க இடம் ஒரு பழைய சினிமா கொட்டகையில் திரைக்குப் பின்னால். ஜார்ஜுக்கு அப்போது வயசு 17. நள்ளிரவுக்கு மேல் அந்தத் தெருவில் வேலை செய்யும் வயசு இல்லை என்று நவம்பரில் போலீஸ் அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. 1961-லும் 1962-லும் மறுபடி போனார்கள்.

கிளாட்வெல் கணக்குப்படி ஹாம்பர்க்கில் மொத்தம் 270 இரவுகள். நான் இன்ஜினியர், கால்குலேட்டரை எடுக்காமல் இருக்க முடியாது. இரவுக்கு ஐந்து மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 270 × 5 = 1,350. பத்தாயிரத்தில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. லிவர்பூலில் வாசித்ததையெல்லாம் கூட்டினாலும் 'லவ் மி டூ' வெளியான 1962 அக்டோபர் வரைக்கும் அந்த எண் வருவது கஷ்டம்.

சரி, எண்ணை விடுங்கள். இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதே நேரத்தில் அதே ஹாம்பர்க்கில் லிவர்பூலின் வேறு குழுக்களும் வாசித்தன. ரோரி ஸ்டார்ம் அண்ட் த ஹரிக்கேன்ஸ் என்று ஒரு குழு. ரிங்கோ அதில்தான் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கைசர்கெல்லரில் பீட்டில்ஸோடு மாறி மாறி மேடையேறிய குழு அது. அதே மேடை, அதே குடிகாரர்கள், அதே நீண்ட இரவுகள். அந்தக் குழுவின் பெயர் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? மணி நேரம்தான் மருந்து என்றால் எல்லாருக்கும் குணமாகியிருக்கணுமே.

அப்போ ஹாம்பர்க் பீட்டில்ஸுக்கு என்னதான் செய்தது? என் கணிப்பு, அது பற்றாக்குறையைக் கொடுத்தது. லிவர்பூலில் ஒரு மணி நேரம் வாசித்தால் போதும், தெரிந்த நல்ல பாட்டு பத்து பதினைந்தை வைத்து ஓட்டிவிடலாம். இங்கே விடிய விடிய வாசிக்கணும். கையிருப்புத் தீர்ந்துவிடும். அதனால் யாரும் தொடாத இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கற்றார்கள், ஒரே பாட்டைப் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்கப் பழகினார்கள். அதோடு, கேட்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, குடிக்கத்தான் வந்திருக்கிறான். நின்ற இடத்தில் நின்று வாசித்தால் எழுந்து அடுத்த கிளப்புக்குப் போய்விடுவான். கிளப் முதலாளி கீழே நின்று 'மாக் ஷௌ, மாக் ஷௌ' என்று கத்துவாராம். சும்மா நிக்காதே, எதையாவது செய்து காட்டு என்று அர்த்தம்.

1960 டிசம்பர் 27-ல் லிவர்பூல் பக்கத்தில் லிதர்லாந்து டவுன் ஹாலில் வாசித்தபோது விளம்பரத்தில் 'நேராக ஹாம்பர்க்கிலிருந்து' என்று போட்டிருந்தார்கள். ஏதோ ஜெர்மன் குழு என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. நாலு மாசம் முன்னால் போன பையன்களா இவர்கள் என்று ஊரே வாயைப் பிளந்தது.

நம்ம பக்கத்து ஹாம்பர்க்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை. இப்படி ஒரு கதை நம்ம பக்கம் இல்லையா? இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நடந்த ஊரின் பெயரை, குமரி மாவட்டத்துக்காரன் என்பதால், நான் சின்ன வயசிலேயே கேட்டிருக்கிறேன். தேவிகுளம்.

எங்கள் மணவாளக்குறிச்சி கல்குளம் தாலுகா. 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பட்டியலில் தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. அவை கிடைக்கவில்லை, கேரளத்தோடு போய்விட்டன. "தேவிகுளத்த விட்டுட்டோம்லா" என்று எங்க ஊர்ப் பெரியவர்கள் டீக்கடையில் பெருமூச்சு விட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்தத் தேவிகுளத்தில் 1958-ல் ஒரு இடைத்தேர்தல். முந்தைய வருஷம்தான் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்திருந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, சுயேச்சைகள் ஐந்து பேர் ஆதரவு. நூலிழைப் பெரும்பான்மை. தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகிவிட, மறுபடி ஓட்டு. மலை முழுக்கத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். மலையாளத்தில் மேடை போட்டுப் பேசி அவர்களைப் பிடிக்க முடியாது. பாட வேண்டும், அதுவும் தமிழில்.

அங்கே பாடப் போனவர் மலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் இருக்கிற பண்ணைப்புரத்துக்காரர், பாவலர் வரதராஜன். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அதில் வரதராஜன் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று பழைய தோழர்கள் சொல்வார்கள்.

வரதராஜனின் தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். மூன்றாவதாகச் சொன்ன அமர்சிங் பிற்காலத்தில் கங்கை அமரன். நடுவில் இருக்கும் ராசையா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு, பதினைந்து வயசில் அண்ணன் குழுவில் சேர்ந்த ராசையா, அடுத்த பத்து வருஷம் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் தென்னிந்தியா முழுக்க அலைந்தார். கட்சிக் கூட்டம், மாநாடு, தேர்தல், திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம்.

"இது ராக் பேண்டா ஓய்?" என்று கேட்பீர்கள். பேரை விடுங்கள். சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர், மூட்டை முடிச்சோடு ராத்திரிப் பயணம், திறந்தவெளி மேடை, டிக்கெட் இல்லாத கூட்டம், ஆளும் கட்சிக்கு எதிரான பாட்டு. ராக் என்று இதற்கு மேல் எதைச் சொல்வது?

மெட்டுக்குள் சொல்லைத் திணிப்பது

வரதராஜனின் முக்கியமான ஆயுதம் சினிமா மெட்டு. ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டை எடுத்து, அதில் அந்த ஊர்ப் பிரச்சினையை, அன்றைய அரசியலைப் போட்டுப் பாடுவார். கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மெட்டின் துண்டு 'தானன தானன' என்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நெடில், இரண்டு குறில், மறுபடி ஒரு நெடில், இரண்டு குறில். அதில் 'காலையில் வேலையில்' என்று போட்டால் அப்படியே உட்காரும். (நான் இப்போது இட்டுக்கட்டியதுதான்.) அதே இடத்தில் 'மண்ணெண்ணெய்' என்று போட்டால் இடிக்கும். மூன்று எழுத்தும் ஒற்றோடு வந்து கனத்துவிடும், ஓட்டம் நின்றுபோகும். ஆனால் அந்த ஊரின் பிரச்சினையே மண்ணெண்ணெய் என்றால்? ஒன்று, அந்தச் சொல்லை மெட்டில் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் மெட்டையே கொஞ்சம் வளைக்க வேண்டும். இரண்டையும் சாயங்காலக் கூட்டத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதைப் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த, கூடவே வாசித்த ஒரு பையனுக்கு என்ன ஆகும்? எந்த மெட்டு எந்தச் சொல்லைத் தாங்கும், எந்தச் சொல் எந்த மெட்டைக் கேட்கும் என்பது ரத்தத்தில் ஊறிவிடும். 1964-ல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசையா மெட்டுப் போட்டார். அவருடைய முதல் இசையமைப்பு என்று சொல்லப்படுவது அதுதான். கவனியுங்கள், அதுவரை குழுவில் நடந்தது மெட்டுக்குப் பாட்டு. இது பாட்டுக்கு மெட்டு. ஒரு வழியாகப் போய்ப் போய்ப் பழகிய பாதையில் முதல் தடவையாக எதிர்ப்பக்கமிருந்து நடக்கிறார்.

பற்றாக்குறை வேறு விதங்களிலும் உதவியிருக்கிறது. குரல் உடையும் வரைக்கும் ராசையா மேடையில் பெண் குரலில் பாடிக் கைதட்டல் வாங்கியவர். குரல் உடைந்தது, அந்த இடம் தம்பி அமருக்குப் போனது. இவருக்கு மிஞ்சியது ஆர்மோனியம். அண்ணனின் அந்தப் பெட்டியைத் தொட்டால் அடி விழும் என்ற காலத்தில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதைப் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். கையில் இருப்பதோ ஒரு ஆர்மோனியம், கொஞ்சம் தாள வாத்தியம். கேட்கிறவர்களோ ரேடியோவில் முழு வாத்தியக் கோஷ்டியோடு அந்தப் பாட்டைக் கேட்டவர்கள். நாற்பது வயலின் செய்வதை ஒரு பெட்டியில் எதை வைத்து ஈடுகட்டுவது? அந்தக் கேள்வியோடு பத்து வருஷம் இருந்தவர் கையில் பின்னாளில் நிஜமாகவே நாற்பது வயலின் கிடைத்தபோது நடந்ததுதான் நமக்குத் தெரியுமே.

சாலை கற்றுத்தராதது

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். சாலை எல்லாவற்றையும் கற்றுத்தராது. எங்க தொழில் பாஷையில் சொன்னால், லைவ் சர்வரில் பிரச்சினை வந்து விழும்போது கற்கிற பாடம் வேறு, உட்கார்ந்து அல்காரிதம் படிக்கிற படிப்பு வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பவனை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன்.

1968-ல் ராசையா சென்னைக்குப் போனார். வீட்டு ரேடியோவை விற்று அம்மா சின்னத்தாயம்மாள் கொடுத்த 400 ரூபாய் கையில். பத்து வருஷ மேடை அனுபவம் உள்ள ஆள், போய்ச் சேர்ந்தது ஒரு வாத்தியாரிடம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து ஆரம்பித்தார். ராஜா என்று பெயரைச் சுருக்கியவரும் அவர்தான். பிறகு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல வருஷம். பீட்டில்ஸுக்கும் இதேதான். 1962 ஜூனில் ஜார்ஜ் மார்ட்டின் என்ற தயாரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஹாம்பர்க் சத்தம் இசைத்தட்டாக மாறியது.

ஆனால் சாலை கொடுத்தது உள்ளேயே இருந்திருக்கிறது. 'அன்னக்கிளி' வாய்ப்புக்காகப் பஞ்சு அருணாசலத்தைப் பார்க்கப் போனபோது எந்த வாத்தியமும் இல்லை. மேஜையில் தாளம் போட்டே பாடிக் காட்டினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. முதல் பாட்டு ஒலிப்பதிவு ஆரம்பிக்கும் நேரத்தில் கரண்ட் போனதும் அப்படித்தான். சுற்றி நின்றவர்கள் அபசகுனம் என்றார்களாம். வயல்காட்டு மேடைகளில் பத்து வருஷம் பாடிய குழுவின் ஆளுக்குக் கரண்ட் போவது ஒரு விஷயமா?

கரண்ட் போன ராத்திரி

கரண்ட் என்றதும் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பி.இ. படிக்கும்போது இரண்டு வருஷம் நான் ஒரு கானமேளா ட்ரூப்பில் கீபோர்டு வாசித்தேன். எங்க பக்கம் கோயில் கொடை என்றாலும் சர்ச் திருவிழா என்றாலும் ஒரு ராத்திரி கானமேளா இருக்கும். ஏழு பேர், ஒரு வாடகை வேன். ட்ரூப்பை நடத்தினவர் பகலில் எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். பாட்டும் அவரே, வேன் பேசுவதும் அவரே, சம்பளம் வாங்கிப் பங்கு போடுவதும் அவரே. கடைசியில் தனக்குப் பங்கு இல்லாமல் போவதும் அவருக்கே.

ஒரு கடற்கரை ஊர்த் திருவிழா. மூணாவது பாட்டு நடுவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. கும்மிருட்டு. கூட்டம் கூவ ஆரம்பித்தது, முன்வரிசையிலிருந்து மணலை வாரி வீசினான் ஒருத்தன். என் கீபோர்டு செத்துக் கிடக்கிறது. கையை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மேடை விளிம்புக்குப் போய் உட்கார்ந்தார். காலைக் கீழே தொங்கப்போட்டார். தபேலாக்காரனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல், மெதுவான ஒரு பாட்டை எடுத்தார். சத்தமாகக்கூடப் பாடவில்லை. கேட்கணும்னா நீ சும்மா இருக்கணும், அப்படி ஒரு சுருதி. ரெண்டு நிமிஷத்தில் அலைச் சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி. இருபது நிமிஷம் அப்படியே போனது.

ஜெனரேட்டர் நின்றதற்கு எங்கள் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

எனக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தது, சென்னைக்குப் போய்விட்டேன். ட்ரூப் இன்னும் ரெண்டு வருஷம் ஓடி நின்றுபோனது. அண்ணன் இப்போது மைக் செட் வாடகைக்கு விடுகிறார். இந்தக் குறிப்பை எழுதும்போது போன் பண்ணி அந்த ராத்திரியைக் கேட்டேன்.

"அன்னைக்குக் கரண்டு போனது நல்லதாப் போச்சுல்லா மக்கா" என்றார். "இல்லேன்னா நம்ம பாட்ட எவன் கேட்டிருப்பான்?"

நான் வாசித்த எல்லாக் கதையிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார். ஸ்டுவர்ட் சட்கிளிஃப் 1962 ஏப்ரலில் ஹாம்பர்க்கிலேயே இறந்துபோனார், வயசு 21. ஹாம்பர்க் இரவுகளில் கூடவே டிரம்ஸ் அடித்த பீட் பெஸ்டை, இசைத்தட்டு வெளிவருவதற்குச் சில வாரம் முன்னால், குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ராசையாவைச் சாலைக்கு அழைத்துக்கொண்டு போன வரதராஜன், 'அன்னக்கிளி' வெளியாவதைப் பார்க்க உயிரோடு இல்லை. பின்னாளில் சகோதரர்கள் சினிமா கம்பெனி ஆரம்பித்தபோது அதற்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அண்ணனின் அந்த ஆர்மோனியம் இன்றும் தம்பியிடம் இருக்கிறது.

மருமகனுக்கு

கடைசியில் நேற்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்.

மணி நேரத்தை எண்ணாதே. தெரிந்த இருபது பாட்டை ஒரு வருஷம் முழுக்க வாசித்தால், இருபது பாட்டை வாசிக்கத்தான் வரும். உங்களைத் தெரியாத ஊருக்கு, உங்கள் பாஷை புரியாத கூட்டத்துக்குப் போ. கையிருப்புத் தீர்கிற மாதிரி நீளமாக வாசி. திரும்பி வந்து ஒரு வாத்தியாரிடம் உட்கார். நாலு பேரில் யாரோ ஒருத்தன் வேன் பேசிக்கொண்டு, கணக்குப் பார்த்துக்கொண்டு, பங்கில்லாமல் நிற்பான். அவன் யாரென்று இப்பவே பார்த்து வைத்துக்கொள்.

வேலையை விடச் சொல்லவும் இல்லை, விடாதே என்று சொல்லவும் இல்லை. நான் விடாதவன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அக்காவிடம் பேசுகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டேன்.

"அப்புறம் மாமா, வேற ஒண்ணும் சொல்லலையா?"

"போற முதல் ஊர்லயே கரண்டு போகட்டும்னு வேண்டிக்கிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.